திரையில் மூழ்கிய கப்பலும் கடலில் மூழ்கிய கப்பலும்

யாராவது கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தால், "என்ன, கப்பல் கவிழ்ந்துவிட்டதா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். கடல் கடந்து வாணிபம் செய்த ஒரு சமூகத்துக்குக் கப்பல் கவிழ்வதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன இருக்க முடியும்? அதனால்தான் அந்தக் கேள்வி இன்றும் நம் பேச்சில் நிலைத்திருக்கிறது போலும்.

கவிழ்ந்த கப்பல்களுள் உலகம் மறக்காத கப்பல் டைட்டானிக். அதனைப் பற்றிய திரைப்படம் என்றதும், 1997இல் ஜேம்ஸ் கமரூன் எடுத்த படம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, இரண்டாம் உலக மகாயுத்தம் உச்சத்தில் இருந்த வேளையில், ஹிட்லரின் ஜேர்மனியிலும் ஒரு 'டைட்டானிக்' எடுக்கப்பட்டது. அந்தப் படத்தின் கதையையும், அதை எடுத்தவர்களின் கதையையும், அதில் டைட்டானிக்காக 'நடித்த' கப்பலின் கதையையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மூன்றும் சேர்ந்தால்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.

1942ஆம் ஆண்டு. ஜேர்மனி பிரித்தானியாவுடன் போரில் இருக்கிறது. பிரசார அமைச்சர் கெப்பல்ஸின் கையில் வானொலி, பத்திரிகை, சினிமா மூன்றும் இருக்கின்றன. பிரித்தானியர் ஈவிரக்கமற்ற பணப்பேய்கள் என்று காட்டும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. 1941இல் வெளியான 'ஓம் குரூகர்' என்ற படம் தென்னாபிரிக்கப் போரில் பிரித்தானியர் நடத்திய தடுப்பு முகாம்களின் கொடுமையைக் காட்டிற்று. அந்தக் கொடுமை பொய்யல்ல. ஆனால் அதைக் காட்டி நீலிக்கண்ணீர் வடித்த அரசே அதைவிடப் பன்மடங்கு கொடிய முகாம்களை அப்போது நடத்திக்கொண்டிருந்தது. பிரசாரத்தின் இலக்கணத்தை இந்த ஓர் உதாரணமே காட்டிவிடும். அது எப்போதும் முழுப் பொய்யைச் சொல்வதில்லை. ஒரு மெய்யை எடுத்து, வேறொரு மெய்யை மறைக்கும் திரையாக அதைத் தொங்கவிடுகிறது.

டைட்டானிக்கும் அப்படித்தான் அவர்கள் கண்ணில் பட்டது. பிரித்தானியக் கொடியுடன் சென்ற கப்பல். பெருஞ்செல்வர்கள் பயணம் செய்த கப்பல். படகுகள் போதாமல் ஏழைகள் செத்த கப்பல். இதைவிட வசதியான கதை வேறெங்கே கிடைக்கும்? தோபிஸ் நிறுவனம் படத்தைத் தயாரித்தது. இயக்குநராக ஹெர்பர்ட் செல்பின் நியமிக்கப்பட்டார். 1941இல் 'கார்ல் பீட்டர்ஸ்' என்ற பிரித்தானிய எதிர்ப்புப் படத்தை ஏற்கனவே எடுத்துக் கொடுத்தவர் அவர்.

படத்தின் கதை இதுதான். கப்பல் நிறுவனத் தலைவர் புரூஸ் இஸ்மே பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் இறங்கியிருக்கிறார். அத்திலாந்திக் சமுத்திரத்தை மிக வேகமாகக் கடந்த கப்பல் என்ற பெயரை டைட்டானிக் முதற் பயணத்திலேயே பெற்றுவிட்டால் பங்குகளின் விலை ஏறும். அவர் கொள்ளை இலாபம் அடிப்பார். ஆகவே பனிக்கட்டி அபாயத்தையும் பொருட்படுத்தாமல் கப்பலை விரட்டும்படி கப்டன் ஸ்மித்தைத் தூண்டுகிறார். கோடீஸ்வரர் அஸ்ரர் அந்தப் பங்குகளைத் தாமே கைப்பற்றிவிடத் துடிக்கிறார். இந்தப் பேராசைக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு நேர்மையாளன். அவன் பெயர் பீட்டர்சன், கப்பலின் முதலாம் அதிகாரி, ஜேர்மன்காரன். வேகத்தைக் குறைக்கும்படி அவன் மன்றாடுகிறான். யாரும் கேட்கவில்லை. கப்பல் மோதுகிறது. தாழும் கப்பலுக்குள் தனித்து விடப்பட்ட ஒரு சிறுமியைத் தேடிச் சென்று அவளுடன் கடலில் குதித்து உயிர் தப்புகிறான். இஸ்மேயை விசாரணைக்கு நிறுத்த வேண்டும் என்பதற்காகவே அவருக்கும் ஒரு படகில் இடம் பெற்றுக் கொடுக்கிறான். ஆனால் விசாரணை மன்றம் இஸ்மேயை விடுவித்து, செத்துப்போன கப்டனின் தலையிலே பழியைப் போட்டுவிடுகிறது. இங்கிலாந்தின் இலாப வேட்கையே இத்தனை உயிர்களையும் பலிகொண்டது என்ற கண்டன வாசகத்துடன் படம் நிறைவுறுகிறது.

இனி, வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, பீட்டர்சன் என்று ஓர் அதிகாரி டைட்டானிக்கில் இருக்கவில்லை. முதலாம் அதிகாரியாக இருந்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் மேர்டொக். அவர் அன்றிரவே இறந்துபோனார். உயிர் தப்பிய அதிகாரிகளுள் மூத்தவர் இரண்டாம் அதிகாரி சார்ல்ஸ் லைற்றோலர் என்ற ஆங்கிலேயர். ஜேர்மனியர் இந்தக் கற்பனை வீரனைப் படைப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1940இல், அதே லைற்றோலர் தமது சிறு உல்லாசப் படகை டன்கேர்க் கரைக்குத் தாமே ஓட்டிச்சென்று, ஜேர்மன் படைகளால் சுற்றிவளைக்கப்பட்டிருந்த போர்வீரர்கள் ஏறக்குறைய 130 பேரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து சேர்ந்தார். கற்பனைக்கு எட்டாத வீரம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது எதிர்ப்பக்கத்தில் இருந்தது. ஆகவே பிரசாரத்துக்கு உதவாது.

இரண்டாவது, வேகப் போட்டி. அந்நாளில் வேகத்துக்கான பெருமை கூனார்ட் நிறுவனத்தின் மொறெற்றேனியா என்ற கப்பலிடம் இருந்தது. அது மணிக்கு ஏறத்தாழ 26 கடல்மைல் ஓடக்கூடியது. பனிப்பாறையில் மோதிய இரவு டைட்டானிக் ஓடிய வேகம் 22 கடல்மைலுக்குச் சற்றுக் கூட. டைட்டானிக் ஆடம்பரத்துக்காகக் கட்டப்பட்ட கப்பல், வேகத்துக்காக அல்ல. இயந்திரத்தை எவ்வளவு முடுக்கினாலும் அந்தச் சாதனையை அது முறியடித்திருக்க முடியாது. மொறெற்றேனியாவின் பெருமை 1929 வரை நிலைத்தது. அதைப் பறித்துக்கொண்டது 'பிறேமன்' என்ற ஜேர்மன் கப்பல் என்பது இன்னொரு சுவையான செய்தி.

மூன்றாவது, பங்குச் சூதாட்டம். ஒயிட் ஸ்டார் நிறுவனம் 1902 முதலே ஜே. பி. மோர்கன் என்ற அமெரிக்க நிதியதிபரின் கூட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்டது. இஸ்மே அதன் தலைவர், உண்மைதான். ஆனால் படம் காட்டுவது போன்று அவரும் அஸ்ரரும் பங்குகளுக்காகக் கப்பலிலே அடிபிடிப்பட்டார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. அஸ்ரர் தமது இளம் மனைவியைப் படகில் ஏற்றிவிட்டு, தாம் கப்பலோடு மாண்டார்.

நான்காவது, விசாரணை. இங்குதான் படம் உண்மையைத் தலைகீழாக்குகிறது. அமெரிக்க செனற் சபையும் பிரித்தானிய அரசும் தனித்தனியே விசாரணை நடத்தின. பிரித்தானிய விசாரணைக்குத் தலைமை வகித்தவர் மேர்சி பிரபு. பனிக்கட்டிகள் உள்ள கடலில் மிதமிஞ்சிய வேகத்தில் சென்றதே விபத்துக்குக் காரணம் என்று அவர் தீர்ப்பளித்தார். ஆயினும், கப்டன்மார் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டுவந்த வழக்கத்தையே ஸ்மித்தும் பின்பற்றினார் என்று கூறி, அவர்மீது கவனயீனக் குற்றம் சுமத்தாமல் விட்டார். செத்த கப்டனை அந்த விசாரணை பலிக்கடா ஆக்கவில்லை. மாறாக, ஏறக்குறைய எல்லோரையும் தப்பவிட்டது.

சரி, அப்படியானால் படத்தில் உண்மையே இல்லையா? உண்டு. மறைக்காமல் சொல்லவேண்டும். இஸ்மே கப்பலில் இருந்தார். பனிப்பாறை பற்றிய எச்சரிக்கைத் தந்தி ஒன்று அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெண்களும் பிள்ளைகளும் கப்பலில் எஞ்சியிருக்க, அவர் படகேறித் தப்பினார். மூன்றாம் வகுப்பு ஏழைகளே விகிதப்படி அதிகம் இறந்த பயணிகள். மேர்சி பிரபுவின் அறிக்கையே தரும் கணக்கைக் கேளுங்கள்: முதலாம் வகுப்பில் 325 பேரில் 203 பேர் தப்பினர், மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர் மாத்திரமே தப்பினர். அந்த அறிக்கையின்படி கப்பலில் இருந்த 2201 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 711 பேர்.

பிரித்தானியரைக் குற்றஞ்சாட்ட விரும்பிய ஒருவருக்கு இதைவிட வலுவான சான்று ஒன்றும் இருந்தது. டைட்டானிக்கில் இருந்த படகுகள் 20. அவற்றில் ஏறக்கூடியவர்கள் 1178 பேர். ஆனால் இது சட்டவிரோதமல்ல! 10,000 தொன்னும் அதற்கு மேலும் எடையுள்ள கப்பலுக்கு 16 படகுகள் போதும் என்று பிரித்தானிய வர்த்தக சபை 1894ஆம் ஆண்டு விதித்திருந்தது. டைட்டானிக்கின் அளவு 46,328 தொன். கப்பல்கள் நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்தன. சட்டம் மட்டும் வளரவில்லை. ஆயிரத்தைந்நூறு பேரளவில் இறந்ததற்கு இந்த அசட்டையின் பங்கு பெரிது. ஒரு தனிமனிதனின் சூழ்ச்சியைக் காட்டிலும், பல கந்தோர்களில் பலர் செய்த அலட்சியம் பயங்கரமானது. ஆனால் அலட்சியத்தைத் திரையிலே காட்டுவது கடினம். மீசை முறுக்கும் வில்லன்தான் சுலபம். பிரசாரகர்கள் சுலபமானதையே தேர்ந்தெடுத்தார்கள். பொய்யைத் தேடிப் போனதால், கையருகே கிடந்த பெரிய மெய்யைத் தவறவிட்டார்கள் என்பதே என் கருத்து.

இனி இரண்டாவது கதைக்கு வருவோம்.

படப்பிடிப்புக்கு ஒரு பெரிய கப்பல் தேவைப்பட்டது. அப்போது ஜேர்மனியின் பிடியில் இருந்த போலந்துத் துறைமுகமான கிடினியாவில், ஜேர்மனியர் கோற்றன்ஹாஃபன் என்று பெயர் மாற்றியிருந்த அந்த நகரில், 'கப் ஆர்க்கோனா' என்ற கப்பல் கடற்படையினரின் தங்குமிடமாக நின்றது. படப்பிடிப்பை முன்கூட்டியே தொடங்கும்படி, திரைக்கதையை எழுதிய நண்பர் ட்ஸேர்லற் ஒல்ஃபேனியஸை செல்பின் அங்கு அனுப்பினார். பின்னர் தாம் போய்ப் பார்த்தபோது வேலை நடந்திருக்கவில்லை. கடற்படை அதிகாரிகள் நடிகைகளின் பின்னால் திரிந்ததே காரணம் என்று அறிந்து, செல்பின் ஆத்திரத்தில் ஜேர்மன் படையினரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அந்த நண்பரே போய் மேலிடத்தில் முறையிட்டுவிட்டார். செல்பின் கைதுசெய்யப்பட்டு கெப்பல்ஸின் முன் நிறுத்தப்பட்டார். சொன்னதைத் திரும்பப் பெறும்படி கேட்டபோது அவர் மறுத்தார். 1942 ஓகஸ்ட் 1ஆம் திகதி, சிறைக்கூடத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் அவரது சடலம் காணப்பட்டது. தற்கொலை என்று அறிவித்தார்கள். நம்பாதவர்கள் பலர். எஞ்சிய படத்தை வேர்னர் கிளிங்லர் என்பவர் முடித்துக் கொடுத்தார்.

செல்பினை ஒரு தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அரசுக்காகப் பிரசாரப் படம் எடுத்து வாழ்ந்தவர்தான் அவர். ஆயினும் எண்ணிப் பாருங்கள். தைரியமாக உண்மை பேசும் ஒரு ஜேர்மன் அதிகாரியைத் திரையிலே படைத்துக்கொண்டிருந்தவர், தாம் கண்ட உண்மையை வாய்விட்டுச் சொன்னதற்காக மாண்டார். படத்தில் பீட்டர்சனுக்குச் சாட்சி சொல்ல ஒரு விசாரணை மன்றமாவது இருந்தது. செல்பினுக்கு அதுவும் இல்லை.

இவ்வளவு விலை கொடுத்து எடுத்த படம் யாருக்கு உதவியது? 1943 நவம்பரில் அது பாரிஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஆனால் ஜேர்மனிக்குள் அதைக் காட்ட கெப்பல்ஸே தடைவிதித்தார். காரணம் எளிது. 1943 யூலையில் ஹம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலாகியிருந்தது. மற்ற நகரங்களிலும் மக்கள் இரவிரவாகப் பதுங்கு குழிகளில் ஒடுங்கிக் கிடந்தார்கள். அவர்களிடம் போய், தப்ப வழியின்றி அலறும் சனக்கூட்டத்தையும், பிள்ளையைத் தேடும் தாயையும், ஆபத்தை அறிந்தும் கப்பலை விரட்டும் தலைவனையும் காட்டினால் என்ன நினைப்பார்கள்? இங்கிலாந்தையா நினைப்பார்கள்? தங்கள் நாட்டையும் தங்கள் தலைவனையும் அல்லவா நினைப்பார்கள்! எதிரியைக் காட்டப் பிடித்த கண்ணாடி தம் முகத்தையே காட்டிவிட்டது.

மூன்றாவது கதைதான் மனத்தை உலுக்குவது.

'கப் ஆர்க்கோனா' 1927இல் ஹம்பர்க்கில் கட்டி மிதக்கவிடப்பட்ட அழகிய பயணிகள் கப்பல். 27,500 தொன்னுக்கு மேற்பட்டது. தென் அமெரிக்காவுக்கு ஓடிய அந்தக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிகள், டைட்டானிக்குக்கு நான்கு. 1945இன் தொடக்கத்தில் சோவியத் படைகள் நெருங்கியபோது கிழக்குப் பிரஷியாவிலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகளை அது ஏற்றி இறக்கியது. ஏப்ரலில் அதற்கு வேறொரு பணி கொடுக்கப்பட்டது. நொயன்கம்ம வதைமுகாமின் கைதிகளை எஸ்.எஸ். படையினர் லூபெக் வளைகுடாவுக்குக் கொண்டுவந்து, கப் ஆர்க்கோனாவிலும் தீல்பெக் என்ற சரக்குக் கப்பலிலும் திணித்தார்கள். உணவில்லை, தண்ணீரில்லை. பல நாட்டவர்களும் அங்கே இருந்தார்கள்.

1945 மே 3. ஹிட்லர் செத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. ஹம்பர்க் அன்றுதான் சரணடைந்தது. கப்பல்களில் இருப்பவர்கள் கைதிகள் என்ற தகவல் முதல்நாளே செஞ்சிலுவைச் சங்கத்தினரால் பிரித்தானியப் படையினரிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அது விமானிகளைப் போய்ச் சேரவில்லை. தப்பியோடும் எஸ்.எஸ். படையினரே கப்பல்களில் இருப்பதாக எண்ணி, பிரித்தானிய டைபூன் விமானங்கள் தாக்கின. கப் ஆர்க்கோனா தீப்பற்றி எரிந்து ஒருபுறமாகச் சரிந்தது. தீல்பெக் மூழ்கியது. நீந்திக் கரைசேர முயன்ற கைதிகளைக் கரையில் நின்ற எஸ்.எஸ். படையினர் சுட்டார்கள். இரண்டு கப்பல்களிலுமாக ஏறத்தாழ ஏழாயிரம் பேர் மாண்டனர் என்பது பொதுவான கணிப்பு. டைட்டானிக்கில் இறந்தவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! யுத்தம் முடிவதற்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

டைட்டானிக்கின் மரணத்தை நடித்துக்காட்டிய கப்பல், உண்மையான மரணத்தை அதே மேற்தளங்களில் கண்டது. இதற்கு யார் பொறுப்பு? கைதிகளைக் கப்பலில் அடைத்தவர்கள் ஒருபுறம். கிடைத்த தகவலை விமானிகளுக்குச் சேர்ப்பிக்கத் தவறியவர்கள் மறுபுறம். முன்னதன் பாவம் மிகப் பெரிது. ஆனால் பின்னதையும் வரலாறு எழுதிவைக்கத்தான் வேண்டும். ஒரு பக்கத்தை மாத்திரம் சொன்னால், அதுவும் ஒரு பிரசாரப் படமாகிவிடும்.

போர் முடிந்த பிறகும் இந்தக் கதை ஓயவில்லை. 1958இல் பிரித்தானியர் 'மறக்கமுடியாத ஓர் இரவு' என்ற பொருள்படும் பெயரில் ஒரு டைட்டானிக் படம் எடுத்தார்கள். ரோய் பேக்கர் இயக்கினார். கப்பலில் உயிர் தப்பிய அதிகாரி பொக்ஸ்ஹோலே ஆலோசகராக இருந்தார். நுணுக்கமாக உண்மை பேணிய படம் என்று பெயர் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், நாஜிகளின் படத்திலிருந்து சில காட்சித் துண்டுகளை அதில் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். எதிரியின் பொய்யிலும் நல்ல படப்பிடிப்பு இருக்கும் போலும்! அந்தப் படத்திலும் ஒரு பிழை உண்டு. கப்பல் முழுதாகவே மூழ்குவதாகக் காட்டினார்கள். அது இரண்டாகப் பிளந்ததைக் கண்ணால் கண்டதாக உயிர் தப்பிய பலர் சொல்லியிருந்தும், மேர்சி பிரபு அதை ஏற்கவில்லை. 1985இல் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அது இரண்டு துண்டாகக் கிடந்தது. சாமானியர் கண்டது மெய்யாயிற்று, அறிக்கை பொய்யாயிற்று.

1997இல் வந்த கமரூனின் படமோ, முதலாம் அதிகாரி மேர்டொக் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறப்பதாகக் காட்டிற்று. அதற்கு உறுதியான சான்று கிடையாது. அவருடைய சொந்த ஊரான டல்பீற்றியின் மக்கள் மனம் நொந்தார்கள். 1998இல் படநிறுவனத்தின் பிரதிநிதி அந்த ஊருக்கு நேரில் சென்று வருத்தம் தெரிவித்து, மேர்டொக்கின் நினைவாக அங்குள்ள பாடசாலையில் நிறுவப்பட்ட நிதிக்கு 5000 பவுண் கொடுத்தார்.

ஆகவே நேயர்களே, வரலாற்றுப் படங்களில் பிழை வருவது புதிதல்ல. புகைபோக்கி எத்தனை, கப்பல் எப்படி உடைந்தது என்பவற்றில் தவறுவது அறிவின் பிழை. புதிய சான்று வந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு மனிதனுக்கு அவன் செய்யாததை ஏற்றிச் சொல்வது பொறுப்பின்மை, வருத்தம் தெரிவிக்கலாம். ஆனால் இறந்தவர்களை எடுத்து, உயிரோடிருப்பவர்களை வெறுக்கப் பழக்குவதற்கு உபயோகிப்பது இவற்றில் சேராது. அது திட்டமிட்ட அநியாயம். அதைத் திருத்தவும் முடியாது, அதற்கு வருத்தம் தெரிவிக்க எவரும் முன்வருவதும் இல்லை.

ஒரு படம் கண்ணீரை வரவழைக்கும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'இது நடந்ததா?' என்பது மாத்திரமல்ல. 'இதைக் காட்டுகிறவர்கள் எதைக் காட்டாமல் விடுகிறார்கள்?' என்பதும்தான். 1943ஆம் ஆண்டுப் படத்தில் அழுத சிறுமிக்காக மனம் இளகியவர்கள், அதே வேளையில் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுமிகளைப் பற்றிக் கேட்கவில்லை. லூபெக் வளைகுடாவின் கரையில், நொய்ஸ்ராட் என்ற ஊரில், கப் ஆர்க்கோனாவில் மாண்டவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. டைட்டானிக்கை அறிந்த உலகில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. இன்று முதல் நீங்களும் அந்தச் சிலரில் சேர்ந்துவிட்டீர்கள்.